ரோட்டுக்கு வரும் பணம்: யாருக்கு முதலில்? யார் முடிவு செய்வது?



கூட்டமைப்புக் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் ரோடு பற்றிய பேச்சு வராமல் இருப்பதில்லை. "பிரசவ வலி வந்தா 108 வண்டி மெயின் ரோட்டுலயே நிக்குது, கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டுப் போறோம்." "மழை பெய்ஞ்சா பால் வண்டி வராது." "எட்டாவது முடிச்ச புள்ளய அந்த வழியில மேல படிக்க அனுப்பப் பயமா இருக்கு." 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. நல்ல திட்டம்தான். ஆனால் பஸ்ஸே வராத ஊரில் அந்தச் சலுகையை யார் அனுபவிப்பது?

"மனு குடுக்கலையா?" என்று கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்: "குடுத்தாச்சுங்க. நிதி இல்லைன்னுட்டாங்க."

'நிதி இல்லை' என்பது பாதி பதில்தான். எந்த நிதி இல்லை? அந்த நிதிக்கான பட்டியலில் நம்ம ரோடு இருக்கிறதா? இருந்தால் எத்தனையாவது இடம்? இந்த மூன்று கேள்விகளைக் கேட்கத் தெரிந்தால் மீதி பதிலும் கிடைத்துவிடும். அதற்குத்தான் இந்த மாதப் பாடம்.

உள்கடன் கொடுப்பது போலத்தான்

நம் குழுவில் 15 பேர் இருக்கிறோம். சேமிப்பில் 20,000 ரூபாய் இருக்கிறது. 6 பேர் கடன் கேட்கிறார்கள். எல்லாருக்கும் கொடுக்க முடியாது. என்ன செய்கிறோம்? ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலில், பள்ளிக் கட்டணத்துக்கு அடுத்து, தொழிலுக்கு அதற்கடுத்து என்று ஒரு வரிசை போடுகிறோம். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுகிறோம். கூட்டத்துக்கே வராதவர் பெயர் அந்த வரிசையில் ஏறாது.

ரோட்டுப் பணமும் இப்படித்தான். பணம் எப்போதும் தேவையைவிடக் குறைவு. யாரோ ஒருவர் வரிசை போட்டே ஆக வேண்டும். பணம் வந்த பிறகு வரிசை போடுவதில்லை. வரிசைப் பட்டியல் முதலில் தயாராகிறது, பணம் பிறகு வருகிறது. பணம் வந்த செய்தி கேட்டு மனு எழுதினால், பெரும்பாலும் அடுத்த முறைக்குத்தான் காத்திருக்க வேண்டும்.

முதல் கேள்வி: அந்த ரோடு யாருடையது?

நடப்பவர்களுக்கு எல்லாம் ஒரே ரோடுதான். அரசாங்கத்துக் கணக்கில் அப்படியில்லை. ஒவ்வொரு ரோட்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு.

தேசிய நெடுஞ்சாலை மத்திய அரசின் பொறுப்பு. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கிய சாலை, இதர மாவட்டச் சாலை மூன்றும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊரையும் ஊரையும் இணைக்கும் பல ரோடுகள் ஊராட்சி ஒன்றியச் சாலைகள். ஊருக்குள் இருக்கும் தெருக்களும், குக்கிராமத்துக்குப் பிரிந்து போகும் ரோடுகளும் பெரும்பாலும் கிராம ஊராட்சிச் சாலைகள். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இந்தப் பொறுப்பைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. நெடுஞ்சாலையாகவோ ஒன்றியச் சாலையாகவோ வகைப்படுத்தாத கிராமச் சாலைகள், சிறுபாலங்கள் கிராம ஊராட்சிக்கு. ஒன்றியச் சாலைகள் ஊராட்சி ஒன்றியத்துக்கு.

மைல் கல்லைப் பார்த்தும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு இருந்தால் கிராமச் சாலை. கல்லே இல்லாத ரோடுதான் நம் ஊரில் அதிகம் என்றால், ஊராட்சி அலுவலகத்தில் உள்ள சாலைப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். பதிவேட்டில் ரோட்டின் பெயர், நீளம், மண் ரோடா, கப்பியா, தாரா என்பதெல்லாம் இருக்கும். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பம் எழுதி நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறோம்? ஒன்றியச் சாலைக்கு ஊராட்சித் தலைவரிடம் சண்டை போட்டால் அவர் கையில் அந்தப் பணமே இருக்காது. தெருவுக்கு நெடுஞ்சாலைத் துறையில் மனு கொடுத்தால் அது சுற்றிச் சுற்றித் திரும்பி வரும். சரியான வாசலைத் தட்டினால் பாதி அலைச்சல் மிச்சம்.

இரண்டாவது கேள்வி: பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது?

ரோட்டுப் பணம் ஒரே பையில் வருவதில்லை. ஒவ்வொரு பைக்கும் தனித்தனி விதி. முக்கியமான பைகளைப் பார்ப்போம்.

1. மாநில நிதி ஆணையத்தின் பங்கு. மாநில அரசு வசூலிக்கும் சொந்த வரியில் ஒரு பகுதி உள்ளாட்சிகளுக்கு வருகிறது. 2017 முதல் 2022 வரையிலான ஐந்தாவது மாநில நிதி ஆணையத்தின் கணக்கை எடுத்துக்கொள்வோம். வரி 100 ரூபாய் என்றால் 10 ரூபாய் உள்ளாட்சிகளுக்கு. அதில் ஊரகத்துக்கு 56 சதவீதம், நகரத்துக்கு 44 சதவீதம். ஆக ஊரகத்துக்கு 5 ரூபாய் 60 காசு. இதைக் கிராம ஊராட்சிக்கு 55, ஒன்றியத்துக்கு 37, மாவட்ட ஊராட்சிக்கு 8 என்ற விகிதத்தில் பிரித்தால், எல்லாக் கிராம ஊராட்சிகளுக்கும் சேர்த்து 3 ரூபாய் 8 காசு. ஒன்றியங்களுக்கு சுமார் 2 ரூபாய் 7 காசு. மாவட்ட ஊராட்சிகளுக்கு சுமார் 45 காசு. இது புரிவதற்கான எளிய கணக்கு. நடைமுறையில் பொதுவான பணிகளுக்கென்று ஒரு பகுதியை முதலில் எடுத்து வைப்பார்கள். ஒவ்வொரு நிதி ஆணையம் வரும்போதும் விகிதம் மாறலாம். இந்தப் பணத்தில்தான் மின்கட்டணம், சம்பளம், குடிநீர்ப் பராமரிப்பு எல்லாம் போக ரோட்டுக்கு ஒதுக்க வேண்டும்.

2. மத்திய நிதிக்குழு மானியம். 2021-22 முதல் 2025-26 வரை பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவு செய்ய வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. மீதி 40 சதவீதத்தில்தான் ரோடு, தெருவிளக்கு போன்ற மற்ற தேவைகள். தலைவர் "பணம் இருக்கு, ஆனா ரோட்டுக்கு எடுக்க முடியாது" என்று சொல்வதில் சில நேரம் உண்மை இருப்பது இதனால்தான்.

3. பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம். 2000 டிசம்பர் 25-இல் தொடங்கியது. முதலில் முழுப் பணமும் மத்திய அரசுடையது. 2015-16 முதல் தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் 100 ரூபாயில் 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. போட்ட ரோட்டை 5 ஆண்டுகள் ஒப்பந்ததாரரே பராமரிக்க வேண்டும். ரோட்டோரப் பலகையில் விவரம் எழுதியிருக்கும்.

4. மாநில அரசின் திட்டங்கள். உதாரணமாக, 2023 ஜனவரியில் முதல்வரின் கிராம சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2 ஆண்டுகளில் ரூ.4,000 கோடியில் 10,000 கி.மீ. ஊரகச் சாலைகளை மேம்படுத்துவது அதன் இலக்கு. நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு நிதியிலிருந்து மாநில அரசு கடன் வாங்கியும் ரோடும் பாலமும் போடுவதுண்டு.

5. எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி. எம்.பி. நிதி ஆண்டுக்கு ரூ.5 கோடி. அதில் குறைந்தது 15 சதவீதம் ஆதிதிராவிடர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிக்கும் என்று விதி இருக்கிறது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

6. நமக்கு நாமே திட்டம். மக்கள் ஒரு பங்கைக் கட்டினால் அரசு மீதியைத் தரும். பொதுவாக மக்கள் பங்கு மூன்றில் ஒன்று.

மூன்றாவது கேள்வி: வரிசையை எப்படிப் போடுகிறார்கள்?

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு பையும் ஒவ்வொரு அளவுகோல் வைத்திருக்கிறது.

பிரதம மந்திரி சாலைத் திட்டத்தின் முதல் கட்டத்தில் அளவுகோல் மக்கள் தொகை. சமவெளியில் 500 பேருக்கு மேல், மலைப் பகுதியிலும் பழங்குடியினர் பகுதியிலும் 250 பேருக்கு மேல் வாழும், ரோடு இல்லாத குடியிருப்புகள். 2019-இல் வந்த மூன்றாம் கட்டத்தில் அளவுகோல் மாறியது. அந்த ரோடு சந்தைக்குப் போகிறதா, மேல்நிலைப் பள்ளிக்கா, மருத்துவமனைக்கா என்று பார்த்து மதிப்பெண் போட்டார்கள். 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில் மறுபடியும் ரோடு இல்லாத குடியிருப்புகள். 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி சமவெளியில் 500, மலையிலும் பழங்குடியினர் பகுதியிலும் 250. நாடு முழுவதும் 25,000 குடியிருப்புகள், 62,500 கி.மீ., காலம் 2028-29 வரை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எண்ணுவது வருவாய் கிராமத்தை அல்ல, குடியிருப்பை. 500 மீட்டர் சுற்றளவுக்குள் இருக்கும் குடியிருப்புகளைச் சேர்த்து எண்ணலாம் என்றும் இந்தத் திட்டத்தில் விதி உண்டு. "எங்க ஊருல 320 பேருதான், கிடைக்காது" என்று விட்டுவிடக் கூடாது. ஓடைக்கு அந்தப் பக்கம் 200 பேர் இருந்தால் கணக்கு 520 ஆகிவிடும்.

மலைக்கிராமச் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. "வனத்துறை நிலம், ரோடு போட முடியாது" என்பார்கள். வன உரிமைச் சட்டம், 2006-இல் ரோடு, பள்ளி, மருந்தகம் போன்ற 13 வகைப் பொது வசதிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை ஒதுக்க வழி இருக்கிறது. அதற்குக் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். கிராம சபையில் தீர்மானம் இல்லையென்றால் அந்தக் கதவு திறக்காது.

ஒரு பயிற்சி: நீங்கள் வரிசை போடுங்கள்

ஒரு ஊராட்சி என்று வைத்துக்கொள்வோம். மூன்று ரோடு கேட்கிறார்கள்.

முதல் ரோடு: ஊர் நடுவே உள்ள தார் ரோடு. குண்டும் குழியுமாக இருக்கிறது. 700 பேர் நடக்கிறார்கள்.

இரண்டாவது ரோடு: ஆதிதிராவிடர் குடியிருப்புக்குப் போகும் 1 கி.மீ. மண் ரோடு. 210 பேர். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் குறுக்கே ஓடும். வேறு வழி கிடையாது.

மூன்றாவது ரோடு: வயல் பாதை. 40 விவசாயக் குடும்பங்கள் கரும்பு ஏற்றி வருகிறார்கள்.

தலை எண்ணினால் முதல் ரோட்டுக்குத்தான் முதலிடம். 'இந்த ரோடு இல்லையென்றால் யாருக்கு மாற்று வழியே இல்லை?' என்று கேட்டால் இரண்டாவது ரோடு முன்னால் வந்துவிடும். முதல் ரோட்டில் சைக்கிள் குலுங்கும். இரண்டாவது ரோட்டில் பிரசவத்துக்குப் போக முடியாது. இரண்டும் ஒரே தேவையா? உள்கடன் கொடுக்கும்போது கேட்பவர் எத்தனை பேர் என்று பார்க்கிறோமா, யாருக்கு அவசரம் என்று பார்க்கிறோமா?

அடுத்து, எந்த ரோட்டுக்கு எந்தப் பை என்று பாருங்கள். முதல் ரோடு பழுதுபார்க்கும் வேலை. ஊராட்சியின் சொந்த வருமானமும் கட்டுப்பாடு இல்லாத மானியமும் போதும். இரண்டாவது ரோடு சமவெளியில் 500 பேருக்குக் குறைவு, அதனால் பிரதம மந்திரி திட்டத்தில் தனியாக நுழையாது. எம்.பி. நிதியில் உள்ள 15 சதவீதம், மாநிலத் திட்டம், ஓடைக்குச் சிறுபாலம் கட்ட ஒன்றிய நிதி என்று கேட்கலாம். மூன்றாவது ரோட்டில் கரும்பு ஏற்றுபவர்கள் ஓரளவு கையில் பணம் உள்ளவர்கள். அவர்கள் பங்கு போட்டால் நமக்கு நாமே திட்டத்தில் செய்யலாம்.

வரிசை போடும்போது பை தெரியாமல் போட்டால் மூன்று ரோடும் ஒரே சிறிய பைக்காக அடித்துக்கொள்ளும். பை தெரிந்தால் மூன்றுக்கும் வழி பிறக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பங்குத் தொகை கேட்கும் திட்டத்தில் வசதியுள்ள ஊர் முந்திக்கொள்ளும், இல்லாத ஊர் பின்தங்கும். கூலி வேலைக்குப் போகிறவர்களிடம் பங்கு கேட்டு அவர்களைக் கடைசிக்குத் தள்ளாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இரண்டு ஊராட்சிக்கு நடுவில் ஒரு ரோடு

இந்த ஊராட்சி எல்லைவரை தார் இருக்கும். எல்லை தாண்டினால் மண். அடுத்த ஊராட்சிக்கு அந்த ரோடு முக்கியமில்லை, அவர்கள் வேறு பக்கம் போகிறார்கள். இப்படிப் பாதியில் நிற்கும் ரோடுகள் நிறைய. ஒவ்வொரு ஊராட்சியும் தன் பணத்தைத் தன் எல்லைக்குள்தான் செலவு செய்யப் பார்க்கும். அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் ரோட்டுக்கு எல்லை தெரியாது.

இதற்கு வழி: இரண்டு ஊராட்சிக் கிராம சபைகளிலும் ஒரே ரோட்டுக்கு, ஒரே பெயரில், ஒரே நீளத்தில் தீர்மானம் போட்டு, அதை ஒன்றியச் சாலையாக எடுத்துக்கொள்ளக் கேட்பது. இரண்டு தீர்மானத்தையும் சேர்த்து வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுக்க வேண்டும். மாவட்ட அளவில் மாவட்டத் திட்டக் குழு இருக்கிறது. ஊராட்சிகள், நகராட்சிகள் போடும் திட்டங்களை ஒன்றுசேர்ப்பது அதன் வேலை. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறது. நம் ஒன்றிய உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் யார் என்று தெரிந்து வைத்திருப்பது இதற்குத்தான் உதவும். 2016-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. பேசப் போகும் இடத்தில் ஒரு பெண்ணே உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஊராட்சிக்கு எல்லை உண்டு. நம் வட்டாரக் கூட்டமைப்புக்கு அந்த எல்லை இல்லை. அந்த ஊர்க் குழுவும் இந்த ஊர்க் குழுவும் ஒரே கூட்டத்தில் உட்காருகிறோம். இரண்டு தலைவர்கள் பேசிக்கொள்ளாத ரோட்டைப் பற்றி இரண்டு ஊர்ப் பெண்கள் பேச முடியும்.

பட்டியலில் ஏற்றுவது எப்படி?

ஒன்று. கணக்கெடுங்கள். எத்தனை குடும்பம், எத்தனை பள்ளிப் பிள்ளைகள், கர்ப்பிணிகள் எத்தனை பேர், தினமும் எத்தனை லிட்டர் பால் போகிறது, மழையில் எத்தனை நாள் ரோடு அடைபடுகிறது. "ரொம்பக் கஷ்டம்" என்று எழுதினால் யாருக்கும் புரியாது. "ஐப்பசி, கார்த்திகையில் 22 நாள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை" என்று எழுதினால் புரியும்.

இரண்டு. குழுக்களும் கூட்டமைப்பும் சேர்ந்து தயாரிக்கும் கிராம வறுமை குறைப்புத் திட்டத்தில் அந்த ரோட்டை எழுதுங்கள். அதைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று வழிகாட்டுதல் இருக்கிறது.

மூன்று. கிராம சபையில் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை என 2022-இல் முடிவானது. மக்கள் தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஒரு ஊராட்சியில் 10 குழு, குழுவுக்கு 12 பேர் என்றால் 120 பேர். நாம் எல்லாரும் போனாலே கூட்டம் நடக்கும். தேர்ந்தெடுத்த தலைவர் இருந்தாலும், பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபையில் பேசும் உரிமை நம்முடையது. 2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். அப்போதும் அந்த உரிமை போகவில்லை.

நான்கு. தீர்மானத்தின் வாசகத்தைப் படித்துப் பார்த்து, எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். எந்த ரோடு, எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர் என்பது அதில் இருக்க வேண்டும்.

ஐந்து. ரோடு அளக்க வரும்போது கூடவே நடங்கள். பிரதம மந்திரி திட்டத்தில் ரோடு போகும் பாதையை ஊர்க்காரர்களோடு நடந்து பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதற்குப் பெண் ஊராட்சி உறுப்பினர்களையும் மகளிர் குழுப் பிரதிநிதிகளையும் அழைக்கலாம் என்று வழிகாட்டுதலில் இருக்கிறது. தண்ணீர் எங்கே தேங்கும், சிறுபாலம் எங்கே வேண்டும் என்பது தினமும் தலையில் சுமையோடு நடப்பவர்களுக்குத்தான் தெரியும். வேலையில் குறை இருந்தால் 'மேரி சடக்' செயலியில் படத்தோடு புகார் செய்யலாம். குழுவில் யார் கையிலாவது ஸ்மார்ட் போன் இருக்கும்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் ஊருக்கு வரும் ரோடு யாருடையது? பதிவேட்டில் இருக்கிறதா?

2. நம் ஊராட்சியில் எந்தக் குடியிருப்புக்கு மழைக்காலத்தில் மாற்று வழியே இல்லை? அந்தக் குடியிருப்புப் பெண்கள் நம் குழுக்களில் இருக்கிறார்களா? கிராம சபையில் அவர்களைப் பேச வைக்க நாம் என்ன செய்யலாம்?

3. நம் தெரு ரோட்டையும் அந்தக் குடியிருப்பு ரோட்டையும் வைத்தால், மனசாட்சிப்படி எதற்கு முதலிடம் கொடுப்போம்?

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம் இல்லை. நம் வாசல் ரோடு நமக்குப் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் நம் குழுவில் அவசரக்காரருக்கு முதலில் கடன் கொடுத்துவிட்டுக் காத்திருக்கப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தைக் கிராம சபைக்கும் கொண்டு போவோம்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு ரோட்டின் பெயர், நீளம், சொந்தக்காரர், பயன்படுத்துவோர் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். எல்லாத் தாளையும் சேர்த்து வைத்து, கூட்டமைப்பின் வரிசைப் பட்டியலைச் சேர்ந்தே போடுவோம்.